‘இவ்வளவாய்’: யோவான் 3:16-இல் ஒரு சொல்லும் நமது பிரசங்கமும்

யோவான் சுவிசேஷம் மூன்றாம் அதிகாரம் பதினாறாம் வசனத்தைக் குறித்துப் புதிதாக எழுத என்ன இருக்கிறது என்று வாசகர் நினைக்கலாம். ஓய்வுநாள் பாடசாலையில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தையும் ஒப்புவிக்கும் வசனம் அது. கல்லறைத் தோட்டத்திலும் கல்யாண வீட்டிலும் அதைக் கேட்கிறோம். சுவரிலும் துண்டுப் பிரசுரத்திலும் அதைக் காண்கிறோம். அவ்வசனத்தின் இறையியல் முழுவதையும் ஆராய நாம் இங்கே முற்படவில்லை. அதிலுள்ள ஒரேயொரு வினையடையை மாத்திரம் எடுத்துக்கொள்கிறோம். ஆங்கில வேதாகமத்தில் ‘சோ’ என்றும், நமது சபைகளில் வழங்கும் 1871-ஆம் ஆண்டு ஐக்கிய மொழிபெயர்ப்பில் ‘இவ்வளவாய்’ என்றும் நிற்கும் சொல் அது. அச்சொல்லை நாம் வாசிக்கும் முறையில் ஒரு கோளாறு நேர்ந்திருக்கிறது என்பதும், அக்கோளாறு பெரும்பாலும் தமிழ்ச் சொல்லிலிருந்து வரவில்லை, ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது என்பதும் நமது வாதம்.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், நாகலாபுரம், கயத்தாறு என்று பரந்துகிடக்கும் கரிசல் வட்டாரத்துச் சபைகளில் இவ்வசனத்தின்மேல் நிகழும் பிரசங்கங்களைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம். மாணவர் எழுதிக் கொணரும் பிரசங்கக் குறிப்புகளையும் திருத்தி வருகிறோம். பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. தேவ அன்பு கடலினும் ஆழமானது, வானத்தினும் உயரமானது, தாயன்பினும் பெரியது என்று முதற்பகுதி ஏறிக்கொண்டே போகும். ‘இவ்வளவாய்’ என்னும் சொல் வந்ததும் பிரசங்கியாரின் கைகள் இரண்டும் அகல விரியும். இவ்வளவாய் என்றால் எவ்வளவாய் என்று அவரே கேட்டு, சொல்லி முடியாத அளவு என்று அவரே விடையும் கூறுவார். தேவ அன்பு சொல்லி முடியாதது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் இந்த வசனம் அதைச் சொல்லி முடித்திருக்கிறது. கைகளை விரிக்கும் அவசரத்தில் நாம் கவனிக்கத் தவறுவது அதுதான்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? இன்றைய மாணவரும் போதகரும் பிரசங்கத்திற்கு ஆயத்தப்படும்போது ஆங்கில விளக்கவுரைகளையே முதலில் திறக்கின்றனர். அதில் தவறில்லை, நாமும் அவ்வாறே செய்கிறோம். ஆனால் ‘சோ’ என்பது ஆங்கிலத்தில் எளிதாகத் தோன்றி ஏமாற்றும் சொற்களுள் ஒன்று. அதன் பழம்பொருள் ‘இவ்வாறு, அவ்வாறு’ என்பதே. அப்படியே ஆகுக என்பதற்கு ஆங்கிலேயர் ‘சோ பீ இட்’ என்பர். அடுத்து, பின்னால் ‘தட்’ என்னும் இணைப்புச் சொல் வர, ஒரு தன்மையின் அளவை அதன் விளைவைக்கொண்டு காட்டுவது உண்டு. தன் கை தனக்குத் தெரியாத அளவுக்கு இருட்டு என்று நாம் சொல்வதைப் போன்றது இது. மூன்றாவதாக, பின்னால் எதுவும் வராமல் வெறும் ‘மிகவும்’ என்ற பொருளில் நிற்கும்: ‘சோ நைஸ்’, ‘சோ ஸ்வீட்’. இன்றைய பேச்சில் மிகுந்து வழங்குவது இதுவே. ‘ஆகையால்’ என்ற பொருளும் உண்டு. அதுவும் தேய்ந்து, பேசுகிறவர் அடுத்த வாக்கியத்தைத் தேடும் நேரத்தில் இடும் ஒலியாகிவிட்டது. இளம் போதகர் சிலர் தமிழ்ப் பிரசங்கத்திலேயே ‘சோ, பிரியமானவர்களே’ என்று தொடங்குகின்றனர். கரிசல் நாட்டில் ‘சோ’ என்பது மழை கொட்டும் ஓசை. புரட்டாசி முதல் அந்த ஓசைக்காகக் காத்திருக்கும் சபையாருக்கு மூன்று வாக்கியத்திற்கு ஒருமுறை ஆங்கிலச் ‘சோ’வைப் பொழிவது சற்றுக் கொடுமையே. இது நிற்க.

1611-ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்தைப் பெயர்த்தவர்கள் ‘சோ’ என்று எழுதியபோது முதலிரண்டு பொருள்களும் அச்சொல்லில் உயிரோடிருந்தன. இன்று அதைப் படிக்கும் கண் மூன்றாம் பொருளையே முதலில் காண்கிறது. இதற்குச் சான்று மத்தேயு 5:16. உங்கள் வெளிச்சம் மனுஷர்முன் பிரகாசிக்கக்கடவது என்னும் கட்டளையில் ஆங்கிலம் ‘சோ’ என்கிறது. அவ்வளவு பளிச்சென்று ஒளிவிட வேண்டும் என்று அதற்குப் பொருள் கூறும் ஆங்கிலப் பிரசங்கங்கள் உண்டு. முந்தின வசனத்தில் விளக்குத்தண்டின்மேல் வைத்த விளக்கு இருக்கிறது. அந்த விளக்கைப்போல, அந்த விதமாக, என்பதே பொருள். நமது மொழிபெயர்ப்பில் அவ்விடத்தில் ‘இவ்விதமாய்’ என்றிருக்கிறது. தமிழை மாத்திரம் படிப்பவர் அங்கே வழிதவற முடியாது. ரோமர் 11:26-உம் அப்படியே. இஸ்ரவேலர் எல்லாரும் இரட்சிக்கப்படுவதைப் பற்றிய அவ்வசனத்தின் ‘சோ’வை ‘அதன்பிறகு’ என்று கொண்டு கடைசிக்கால அட்டவணை வரைந்தவர் பலர். தமிழில் ‘இந்தப்பிரகாரம்’ என்று தெளிவாய் நிற்கிறது. காலத்தைப் பற்றிய சொல் அன்று அது. விதத்தைப் பற்றிய சொல்.

இவ்விடங்களிலெல்லாம் மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் ‘ஹூட்டோஸ்’. அடிப்படையில் ‘இவ்வாறு’ என்று பொருள்படும் வினையடை அது. ஒரு பண்புச் சொல்லையோ மற்றொரு வினையடையையோ தழுவி வரும்போது அது அளவைக் காட்டும். கலாத்தியர் இத்தனை சீக்கிரத்தில் சுவிசேஷத்தை விட்டு விலகினதைக் கண்டு பவுல் ஆச்சரியப்படும் இடத்தில் (கலா. 1:6) நமது மொழிபெயர்ப்பாளர் ‘இவ்வளவு’ என்றனர், அவர்களுடைய புத்தியீனத்தைக் கடியும் இடத்தில் (3:3) ‘இத்தனை’ என்றனர். ஒரே சொல்லுக்கு இடமறிந்து வெவ்வேறு தமிழ் கொடுத்திருப்பது அவர்களுடைய நுண்மையைக் காட்டுகிறது. பவர் ஐயர் தலைமையில் அவ்வேலை நடந்தது. சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை 1868-இல் பதிப்பித்தவர் அவர். தமிழ்ச் சொல்லின் எடை அறியாதவர் என்று அவரைச் சொல்ல இயலாது.

அப்படியானால், ஒரு வினைச்சொல்லோடு நேராகச் சேர்ந்து நிற்கும் யோவான் 3:16-இல் அவர்கள் ஏன் ‘இவ்விதமாய்’ என்று இடாமல் ‘இவ்வளவாய்’ என்று இட்டனர்?

யோவானின் வழக்கை முதலில் பார்ப்போம். காற்றைப் பற்றிச் சொல்லி, ஆவியினால் பிறந்தவனும் ‘அப்படியே’ என்கிற 3:8-இல் இச்சொல் இருக்கிறது. பிரயாணத்தில் களைத்த இயேசு யாக்கோபின் கிணற்றருகே உட்கார்ந்த 4:6-இல் இருக்கிறது. (அங்கே தமிழ் அதை விட்டுவிட்டது, களைத்துப்போய் அப்படியே உட்கார்ந்தார் என்று நாம் பேச்சில் சொல்வது மூலத்திற்கு மிக அணுக்கமானது.) சேவகன் இயேசுவை அறைந்து, பிரதான ஆசாரியனுக்கு ‘இப்படியா’ பதில் சொல்கிறது என்று கேட்கும் 18:22-இல் இருக்கிறது. திபேரியாக் கடற்கரையில் அவர் தம்மை வெளிப்படுத்திய விதத்தைச் சொல்லத் தொடங்கும் 21:1-இல் இருக்கிறது. எல்லாம் விதத்தைக் குறித்தவை. எண்ணிக்கையையோ நீளத்தையோ சொல்ல வேண்டிய இடத்தில் யோவான் வேறு சொல்லை எடுக்கிறார்: ‘டொசூட்டோஸ்’. இத்தனை அற்புதங்களைச் செய்தும் அவர்கள் விசுவாசியாத 12:37-இலும், இவ்வளவு காலம் கூட இருந்தும் பிலிப்பு அறியாத 14:9-இலும் அச்சொல்லைக் காணலாம். அன்பின் பரிமாணத்தை மாத்திரம் சொல்ல நினைத்திருந்தால் அதற்குரிய சொல் அவர் கையில் இருந்தது.

எல்லாவற்றினும் முக்கியமானது இரண்டு வசனங்களுக்கு முன் உள்ள 3:14. மோசே வனாந்தரத்தில் சர்ப்பத்தை உயர்த்தினது எப்படியோ அப்படியே மனுஷகுமாரனும் உயர்த்தப்பட வேண்டும். அங்கே ‘அப்படியே’ என்பதும் ஹூட்டோஸ்தான். கிரேக்கத்தில் கேட்பவனுக்கு 14-இல் ஒலித்த சொல் 16-இன் முதற்சொல்லாய் மறுபடியும் ஒலிக்கிறது. தமிழிலோ ‘போல’ என்னும் உவமவுருபு ஒன்றே வேலையை முடித்துவிடுவதால் 14-இல் அச்சொல் தனியாகக் கேட்பதில்லை. ஆகவே சர்ப்பத்தின் வசனத்திற்கும் அன்பின் வசனத்திற்கும் நடுவேயுள்ள கண்ணி தமிழ்ச் சபையாரின் காதில் விழாமல் போகிறது. மொழிபெயர்ப்பாளரின் குற்றமன்று இது. மொழியின் அமைப்பு அப்படி. ஆனால் பிரசங்கியார் அதை எடுத்துக் காட்டக் கடமைப்பட்டவர். 16-ஆம் வசனத்தை மாத்திரம் தனியே பிய்த்தெடுத்து மனப்பாடம் செய்விக்கும் நமது வழக்கம் அந்தக் கடமையை நமக்கு மறக்கடித்துவிட்டது. உயர்த்தப்பட்ட சர்ப்பத்தை நீக்கிவிட்டால் ‘இவ்வளவாய்’ சுட்டுவதற்கு எதுவும் மீதமில்லை. விரித்த கைகளே மீதமிருக்கும்.

இனி மறுபக்கம். 3:16-இல் ஹூட்டோஸைத் தொடர்ந்து, விளைவைச் சொல்லும் ‘ஹோஸ்டெ’ என்னும் இடைச்சொல் வருகிறது. இவ்விரண்டும் சேர்ந்துவரும் அமைப்பு, பழைய கிரேக்க உரைநடையில், விளைவைக் காட்டி அளவை உணர்த்தப் பயன்படுவதுண்டு. யோவான் சுவிசேஷத்தில் ஹோஸ்டெ வேறெங்கும் வரவில்லை. ஆகையால் அவருடைய பிறவிடங்களை ஒப்பிட்டு முடிவுகட்ட வழியில்லை. 1999-இல் கண்ட்ரி, ஹவல் என்னும் இரு அறிஞர் புதிய ஏற்பாட்டு ஆய்விதழ் ஒன்றில் இவ்வசனத்தின் இலக்கணத்தை விரிவாக ஆராய்ந்து, ‘இவ்விதமாய்’ என்ற பொருளையே வற்புறுத்தினர். 2017-இல் வெளிவந்த ‘கிறிஸ்டியன் ஸ்டாண்டர்ட் பைபிள்’ ‘சோ’வை நீக்கி, விதத்தைக் காட்டும் தொடரை இட்டிருக்கிறது. லத்தீன் வேதாகமத்தின் ‘சிக்’, லுத்தரின் ‘அல்ஸோ’ ஆகியவையும் ‘இவ்வாறு’ என்னும் பொருளை உடையவையே. (லுத்தரின் அல்ஸோவைக் கண்டதும் ஆங்கிலத்தின் ‘ஆல்ஸோ’ என்று எண்ணி, ‘உலகத்தையுங்கூட’ என்று பொருளுரைத்த மாணவரும் உண்டு. அவர் வகுப்பில் நகைப்புக்குள்ளானார். ஆனால் ‘சோ’வை ‘மிகவும்’ என்று கொள்பவர் செய்வதும் அதே வகைத் தவறு, யாரும் நகைப்பதில்லை.)

இந்த ஆராய்ச்சிகளைப் படித்துவிட்டுச் சிலர் எதிர்ப்பக்கம் சாய்கின்றனர். ‘இவ்வளவாய்’ பிழையான மொழிபெயர்ப்பு, அதைத் திருத்த வேண்டும் என்று பிரசங்க பீடத்திலேயே அறிவிக்கின்றனர். நாம் இதை ஏற்கவில்லை. பாட்டியார் மரணப்படுக்கையில் பற்றிக்கொண்ட வசனத்தைப் பேரப்பிள்ளை கிரேக்க அகராதியால் அடிப்பது போதகப் பணியாகாது. அதுமட்டுமன்று, தமிழ்ச் சொல் அத்தகைய அடிக்குத் தகுதியானதும் அன்று.

‘இவ்வளவாய்’ என்பதைப் பிரித்துப் பார்ப்போம். இ, அளவு, ஆய். முதலில் நிற்கும் இகரம் சுட்டெழுத்து. அ, இ, உ மூன்றும் சுட்டு என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த இலக்கணம். சுட்டு என்றால் விரல் நீட்டுவது. ‘மிகவும்’ என்ற சொல்லில் விரல் இல்லை. ‘இவ்வளவு’ என்ற சொல்லில் விரல் இருக்கிறது. விரல் நீட்டிய திசையில் பொருள் ஒன்று இல்லையானால் அச்சொல் பெரிதையும் சொல்லாது, சிறிதையும் சொல்லாது. ‘இவ்வளவுதானா?’ என்று நாம் ஏமாற்றத்தோடு கேட்பதும் அதே சொல்லால்தான்.

கோவில்பட்டிப் பக்கத்துப் பேச்சில் இது இன்னும் தெளிவு. அங்கே ‘இம்புட்டு’ என்பார்கள். இம்புட்டு என்ற சொல்லைக் கை அசையாமல் சொல்லும் சம்சாரியை நாம் கண்டதில்லை. கரிசல் மண் மானாவாரி வெள்ளாமைக்குரியது. கோடையில் பாளம் பாளமாய் வெடிக்கும், மழை விழுந்தால் காலைப் பற்றி விடாது. அது ஈரத்தை நெடுநாள் வைத்திருப்பதனால்தான் வடகிழக்குப் பருவமழையை நம்பி உளுந்தும் பருத்தியும் கம்பும் அங்கே விளைகின்றன. அந்த மண்ணையும் மழையையும் ஆராய்வதற்கென்றே 1901 முதல் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருந்து வருகிறது. மழை பெய்த மறுநாள் நிலத்தைக் கிளறிப் பார்த்துவிட்டு வருபவர் ‘இம்புட்டு எறங்கியிருக்கு’ என்று முழங்கையில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டுவார். சில வேளை விரலின் ஒரு கணுவைக் காட்டுவார். சொல் ஒன்றே, அளவு காட்டிய இடத்தில் இருக்கிறது. தீப்பெட்டி ஒட்டும் வீடுகளிலும் அப்படியே. இத்தனை பெட்டிக்கு இவ்வளவு கூலி என்று எண்ணிப் பிழைக்கும் பெண்களுக்கு, தொகை சொல்லாத ‘இவ்வளவு’ ஒரு வெற்றுச் சொல்.

இப்பொழுது நமது மொழிபெயர்ப்பில் ‘இவ்வளவாய்’ எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஆங்கிலத்தில் ‘சோ’ வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. குமாரனைக் கொடுத்தது பின்னால் வருகிறது. தமிழில் வினைமுற்று ஈற்றில் நிற்பதனால் வரிசை தலைகீழாகிறது. விசுவாசிக்கிறவன் கெட்டுப்போகாதபடிக்கு என்னும் நோக்கம் முதலில், குமாரனைத் தந்தருளிய செயல் அடுத்து, அதன்பின்னரே ‘இவ்வளவாய்’. அதாவது, கொடுத்து முடித்த பிறகு, அந்தக் கொடுத்தலை நோக்கியே சுட்டுவிரல் நீளுகிறது. அன்பின் அளவு முன்கூட்டி அறிவிக்கப்படவில்லை. செயலில் காட்டப்பட்டு, பின்பு சுட்டப்படுகிறது. கிரேக்கத்தின் ‘இவ்விதமாய்’ என்ற கருத்திற்கு ஆங்கிலத்தைவிட இத்தமிழ் வாக்கியமே நெருங்கியிருக்கிறது என்று கூடச் சொல்வோம். பவர் ஐயர் குழுவினர் ‘அளவு’ என்று எழுதி ஹோஸ்டெக்கு இடங்கொடுத்தனர். சுட்டை வைத்து, அதையும் சரியான இடத்தில் வைத்து, ஹூட்டோஸைக் காப்பாற்றினர். இதை நாம் ஆங்கிலக் கண்ணாடியால் படித்து, சுட்டை உதிர்த்து, ‘மிகவும்’ ஆக்கிவிட்டோம்.

அவர்களும் எல்லா இடத்திலும் இப்படித் தப்பவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1 யோவான் 3:1-இல் பிதா நமக்குப் பாராட்டிய அன்பைப் பாருங்கள் என்று அப்போஸ்தலர் சொல்லும்போது மூலத்திலுள்ள சொல், எத்தகைய அன்பு என்று தன்மையைக் கேட்பது. 1611 ஆங்கிலம் அதைச் சரியாகவே பெயர்த்தது. தமிழிலோ ‘எவ்வளவு பெரிது’ என்றாகிவிட்டது. இங்கே தராசு அளவின் பக்கம் சாய்ந்துவிட்டது, சாய்த்தவர்கள் நம்மவரே.

இவ்வளவு நுணுக்கம் ஒரு கிராமச் சபைக்கு எதற்கு என்று கேட்பவருக்குப் பின்வருவதைச் சொல்ல விரும்புகிறோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த பெருமழையை வாசகர் மறந்திருக்கமாட்டார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. கரிசல் காட்டில் நின்ற உளுந்தும் மக்காச்சோளமும் நீரில் அழுகின. மழைக்காக உபவாசக் கூட்டம் நடத்திப் பழகிய நாட்டில், கேட்டதற்கு மேலாக மழை வந்து கெடுத்தது. அதன்பின் சில வாரங்களுக்குள் ஒரு சிற்றூர் ஆலயத்தில், வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர் இவ்வசனத்தை எடுத்துக்கொண்டு வழக்கம்போல் கைகளை விரித்தார். ஆராதனை முடிந்ததும் முதிய தாயார் ஒருவர் அவரிடம் வந்து, “ஐயா, இம்புட்டு இம்புட்டுன்னு கைய விரிச்சீகளே, எம்புட்டுன்னு சொல்லலையே?” என்றார். “அதைச் சொல்ல முடியாதும்மா” என்றார் பிரசங்கியார். “மழையுந்தான் சொல்ல முடியாத அளவு பெஞ்சுது, ஐயா” என்று சொல்லிவிட்டு அந்தத் தாயார் போய்விட்டார்.

அவர் அவிசுவாசத்தினால் பேசவில்லை. அளவு என்றால் என்ன என்று பிரசங்கியாரைவிட நன்றாய் அறிந்தவர் பேசினார். அன்பை அளவாக மாத்திரம் போதித்தால், கேட்பவர் தம் வாழ்வில் அளக்கக்கூடியவற்றைக் கொண்டு அதை அளப்பார். விளைந்த ஆண்டில் அன்பு கூடியது. பொய்த்த ஆண்டில் குறைந்தது. ஆசீர்வாதக் கூட்டங்களின் மேடைகளில் இன்று விலைபோவது இந்தக் கணக்கே. கரிசல் நாட்டில் இக்கணக்கு ஒருநாளும் நேராகாது. ஏனென்றால் அங்கே மழை குறைந்தாலும் கெடும், மிகுந்தாலும் கெடும். விதமாகப் போதித்தால் கதை வேறு. சர்ப்பம் கடித்த ஜனத்தின் நடுவே, அவர்கள் கண்முன், உயர்த்தப்பட்டவராக அவர் அன்புகூர்ந்தார். தமக்கிருந்த ஒரே குமாரனைக் கொடுத்து அன்புகூர்ந்தார். இதை மகசூலைக் கொண்டு அளக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

வேறொரு வேறுபாடும் உண்டு. நமக்கு அதுவே மேலாகப்படுகிறது. அளவைப் பின்பற்ற முடியாது, விதத்தைப் பின்பற்றலாம். 1 யோவான் 4:11-இல் தேவன் நம்மிடத்தில் அன்புகூர்ந்திருக்க நாமும் ஒருவரிலொருவர் அன்புகூரக் கடன்பட்டிருக்கிறோம் என்ற வாதம் வருகிறது. அங்கேயும் மூலச்சொல் ஹூட்டோஸ்தான். அங்கே நமது மொழிபெயர்ப்பாளர் எழுதியது ‘இவ்விதமாய்’. ஒரே எழுத்தாளருடையதாய் மரபு கருதும் இரு நூல்களில், ஒரே வினையோடு சேர்ந்த ஒரே சொல்லுக்கு, சுவிசேஷத்தில் ‘இவ்வளவாய்’, நிருபத்தில் ‘இவ்விதமாய்’. ஆங்கிலத்தில் இரண்டிடத்திலும் ‘சோ’வே இருப்பதால் ஆங்கிலம் படிப்பவர் இந்த வேறுபாட்டைக் காணவே மாட்டார். காரணம் விளங்குகிறது: கடன் என்று வந்தபின் அளவைச் சொல்லியிருந்தால் நாம் கைவிரித்துவிடுவோம், தேவனளவுக்கு எங்களால் ஆகாது என்று. விதம் என்றதால் தப்ப வழியில்லை. அதே நிருபம் 3:16-இல், அவர் நமக்காக ஜீவனைக் கொடுத்ததினால் அன்பு ‘இன்னது’ என்று அறிந்திருக்கிறோம் என்கிறது. எவ்வளவு என்று அன்று, இன்னது என்று. அடுத்த வசனமே, கையில் ஆஸ்தி இருந்தும் சகோதரனுடைய குறைச்சலைக் கண்டு இருதயத்தை அடைத்துக்கொள்பவனைப் பற்றியது.

இவ்வட்டாரத்தின் சபை வரலாற்றில் இதற்கு உரை எழுதியவர் ஒருவர் உண்டு. கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றின் ஆய்வாளராயிருந்த ராக்லாண்டு ஐயர், சென்னையில் சர்ச் மிஷன் சங்கத்தின் காரியதரிசிப் பொறுப்பை விட்டு, 1854-இல் வடதிருநெல்வேலிக்கு வந்து கூடாரத்தில் தங்கி ஊர் ஊராய்ச் சுற்றினார். 1858-இல் சிவகாசியில் மரித்தார். ராக்லாண்டு ஐயர் இந்நாட்டில் எவ்வளவாய் அன்புகூர்ந்தார் என்பதற்கு எவரிடமும் கணக்கில்லை. எவ்விதமாய் என்பது தெரியும்.

1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பைப் பற்றியும் ஒரு சொல். அது மகனையே ‘அளிக்கும் அளவுக்கு’ என்று பெயர்த்துள்ளது. அன்பை அளக்கும் கோல் எது என்பதை ஐயத்திற்கிடமின்றிக் கட்டிவிடும் நல்ல தமிழ் அது. வெறும் ‘மிகவும்’ என்று யாரும் அதைத் திரிக்க முடியாது. ஆனால் விதம் என்ற பொருள் அங்கே முற்றிலும் மறைந்துவிட்டது. 14-ஆம் வசனத்தோடு உள்ள தொடர்பும் தளர்ந்துவிட்டது. ‘அளவுக்கு’ ஒரு பொருளைத் தெளிவாக்கி மற்றொன்றை விலையாகக் கொடுத்தது. ‘இவ்வளவாய்’ இரண்டையும் மங்கலாகவேனும் வைத்திருக்கிறது. ஆலயத்தில் வாசிக்க நாம் பழையதையே விரும்புவோம். வேதபாட வகுப்பில் இரண்டையும் அருகருகே வைத்து, நிருபத்தின் ‘இவ்விதமாய்’ என்பதை மூன்றாவதாகச் சேர்த்துக் காட்டுவோம்.

வாசிக்கும் முறையைக் குறித்தும் மாணவருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. வசனத்தின் முற்பகுதியை ஒரே மூச்சில் ஓட்டிவிட்டு, ‘இவ்வளவாய்’ என்ற இடத்தில் நிறுத்திக் குரலை உயர்த்துவது இப்போதைய வழக்கம். எழுத்துப்படி பார்த்தால் எடை விழவேண்டிய இடம் அதற்கு முந்தின சொல்: ‘தந்தருளி’. அங்கே நிறுத்துங்கள், சபையார் அந்தச் சொல்லைக் கேட்கட்டும். பின்பு ‘இவ்வளவாய்’ என்பதைத் தாழ்ந்த குரலில், சற்றுமுன் காட்டிய ஒன்றைத் திரும்பச் சுட்டுகிறவரைப்போலச் சொல்லுங்கள். பதினான்காம் வசனத்திலிருந்தே வாசிக்கத் தொடங்குங்கள். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று கேட்டால், திருமறையைப் பிடித்துக்கொள்ள அவை இரண்டும் வேண்டியிருக்கும்.